கிளிநொச்சியில் 250 ஓம்

வெளிநாட்டில் இருந்து வருகிற சூட்கேஸ்களில் சொக்லேட், வாசனைத் தைலம், பழைய ஐபோன் என்பவற்றோடு ஸ்டூடியோ ஹெட்போன்களும் வன்னிக்குள் வரத் தொடங்கிவிட்டன. ஜேர்மனியில் இருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பேயர்டைனமிக் கொண்டுவருகிறார்கள். மருமகன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறான், பாட்டு ஒலிப்பதிவு செய்கிறான் என்று கேள்விப்பட்ட சித்தப்பா, கடைக்காரரிடம் நல்லதாக ஒன்று கேட்டு வாங்கிவிடுவார். கடைக்காரரும் நல்லதைத்தான் கொடுத்திருப்பார். அந்தப் பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 250 ஓம் என்று ஹெட்போனின் மின்தடை எழுதியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. மருமகன் அதைத் தன் போனில் செருகுவான். சத்தம் எங்கோ அடுத்த வளவில் இருந்து வருவதுபோல் கேட்கும். அதன் பிறகு எனக்கு அழைப்பு வரும்: “அண்ணை, இதற்கு விலை குறைந்த அம்ப் எது வாங்கலாம்?” அம்ப் என்பது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கிற அம்பிளிபையர்.

என்னிடமும் அதே பேயர்டைனமிக்கின் டிடி 990 புரோ இருக்கிறது, அதே 250 ஓம். எடிட்டிங் வேலைக்கு நாள் முழுவதும் தலையில் கிடப்பது. பின்புறம் திறந்த அமைப்பு என்பதால் சித்திரை வெயிலிலும் காது வேகாது. மயில் அகவுவதும் வீதியில் உழவு இயந்திரம் போவதும் உள்ளே வந்துவிடும் என்பதுதான் குறை. ஆகவே கேட்கிறவர்களுக்கு என் பதில் தயாராக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது பிடிப்பதில்லை. இப்போதைக்கு அம்ப் வாங்காதே, முதலில் உன் போன் எத்தனை வோல்ட் கொடுக்கிறது என்று அளந்து பார் என்பேன்.

250 ஓம், 300 ஓம் என்றால் ஏதோ பெரிய சக்தி தின்னும் பூதம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோயிலில் இருந்து சந்தி வரை வீதி நெடுகக் கூம்பு கட்டுகிறபோது அவர்கள் பாவிப்பது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு கூம்பிலும் ஒரு சிறிய ட்ரான்ஸ்போமர் இருக்கும். 10 வாட் எடுக்கிற கூம்பு அந்த லைனுக்கு 1000 ஓம் சுமையாகத்தான் தெரியும். வோல்ட் கூட, மின்னோட்டம் குறைவு. அதனால்தான் மெல்லிய வயரை அரை மைலுக்கு இழுத்தும் பாட்டு கடைசிக் கூம்பு வரை போய்ச் சேர்கிறது. உயர் ஓம் ஹெட்போனும் அதே இனம். மெல்லிய கம்பியைப் பல சுற்றுச் சுற்றிய சுருள். அதற்கு வேண்டியது வோல்ட். மின்னோட்டம் சொற்பமே போதும். பழைய ஸ்டூடியோக்களில் ஒரே வெளியீட்டில் பல ஹெட்போன்களைச் சேர்த்துச் செருகுகிற பழக்கத்துக்கு இது தோதாக இருந்தது. போன் கம்பனிகளின் கணக்கு வேறு. கையில் இருக்கும் சிறிய பற்றரியில் வோல்ட்டைக் கூட்டுவது சிரமம் என்பதால் அவர்கள் 16, 32 ஓம் இயர்போன்களை மனதில் வைத்தே போனைச் செய்தார்கள்.

இனிக் கணக்கு. டிடி 990 புரோவின் உணர்திறன், அதாவது கொடுக்கிற சக்திக்கு அது தருகிற சத்தம், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது அரை வோல்ட். வோல்ட்டை இரட்டித்தால் 6 டெசிபல் கூடும். ஆகவே 1 வோல்ட்டில் 102, 2 வோல்ட்டில் 108. பாட்டின் உச்சத் தட்டு 110 டெசிபலுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தாலும் 2.5 வோல்ட் போதும். அது வெறும் 25 மில்லிவாட். சென்ஹைசர் எச்டி 650 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது. 300 ஓம் என்றாலும் 1 வோல்ட்டுக்கே 103 டெசிபல் தருகிறது என்று கம்பனியே எழுதியிருக்கிறது. இவை உச்சத்தின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். தவிலின் ஒரு அடி 108 தொடுகிற ஒலிப்பதிவில் சராசரிச் சத்தம் 90க்குப் பக்கத்தில் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு என்று சொல்வது கிழமைக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். எடிட்டிங் வேலை செய்கிறவனுக்குக் கிழமைக்கு 40 மணி நேரம் என்பது சாதாரணம்.

அப்படியானால் போனில் ஏன் சத்தம் காணாது? இதை ஊகிக்கத் தேவையில்லை, அளக்கலாம். 50 ஹேர்ட்ஸ் சைன் அலை ஒன்றை முழு அளவில் உருவாக்கிப் போனில் ஓடவிட்டு, வொலியூமை முழுவதும் திறந்து, 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்றின் நுனிக்கும் அடிக்கும் இடையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பிடியுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பிளக்கின் குறுக்கே வைத்தால் அளவு இன்னும் நேர்மையாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: சந்தையில் கிடைக்கிற ஆக மலிவான மஞ்சள் மீட்டரின் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதில் அரை வோல்ட்டும் முக்கால் வோல்ட்டும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியும். 2 வோல்ட் ஏசி அளவுள்ள மீட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கைபேசிகள் பொதுவாக அரை வோல்ட்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கும் இடையில் நிற்கும். உங்களுடையது 1 வோல்ட்டுக்குக் கிட்ட வந்தால், அம்புக்குச் சேர்த்த காசை வேறு வேலைக்கு எடுத்துவைக்கலாம்.

எடிட் செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் எடுத்த மூல ஒலிப்பதிவு இயல்பாகவே தாழ்ந்த அளவில் இருக்கும். பழைய கசெட்டில் இருந்து மாற்றிய பாட்டும் அப்படித்தான். அவற்றின் சத்தத்தை மென்பொருளில் தூக்கிவிட்டுக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.

அளந்து பார்த்து வோல்ட் போதாது என்று தெரிந்தவர்களுக்கு அடுத்த படி, டொங்கிள். போனின் யூஎஸ்பி சி வாயில் செருகி, மறுமுனையில் ஹெட்போனைப் பூட்டுகிற, விரல் நீளம்கூட இல்லாத துண்டு. சிர்ரஸ் லொஜிக் நிறுவனத்தின் சிஎஸ்43131 சிப் வைத்தவை இப்போது அலிஎக்ஸ்பிரஸில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை 2 வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். மேலே போட்ட கணக்கின்படி 108 டெசிபல். வன்னியில் 250, 300 ஓம் ஹெட்போன் வைத்திருக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அதே வகையில் 4.4 மில்லிமீட்டர் துளையும் சேர்ந்த டொங்கிள்கள் அந்தத் துளையில் 4 வோல்ட் வரை தரும். ஆனால் டிடி 990 புரோவின் சுருள் வயர் கழற்ற முடியாதது, இரண்டு காதுக்கும் தரை, அதாவது மின்னோட்டம் திரும்புகிற கம்பி, பொது. 4.4 துளைக்கோ அது தனித்தனியே வேண்டும். உள்ளே பிரித்து வயர் மாற்றாமல் அந்தத் துளை அதற்கு உதவாது. சென்ஹைசரின் வயர் கழற்றக்கூடியது. அதற்கு வேறு வயர் வாங்கிப் போட்டால் சரி.

இந்த இடத்தில் எந்த உறவினரிடம் எதைக் கேட்பது என்பது முக்கியமாகிறது. அப்பிளின் சிறிய டொங்கிள் விலைக்கு மிகத் தரமானது. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. வட அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதி, ஏனென்றால் காதைப் பாதுகாக்க அங்கே சத்தத்துக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. ஆகவே டொங்கிள் வேண்டும் என்றால் ரொறன்ரோ மாமாவிடம் கேட்க வேண்டும், பாரிஸ் மாமியிடம் அல்ல. அப்போதும் அன்ட்ரொய்ட் போன்களில் அது முழுச் சத்தம் தராமல் பாதியில் நின்றுவிடுவது பரவலாகத் தெரிந்த விடயம். ஐபோனிலும் கணினியிலும் அந்தத் தொல்லை இல்லை.

மேசையில் வைக்கிற அம்ப் என்று வந்தால் உறவினர் கணக்குத் தலைகீழாகும். ஷீட் நிறுவனத்தின் மாக்னி, ஜேடிஎஸ் லாப்ஸ் நிறுவனத்தின் அற்றம் இரண்டும் 99 டொலருக்கு அறிமுகமானவை. மாக்னி 2012இல், அற்றம் 2018இல். ஆயிரம் டொலர் அம்புகள் செய்கிற வேலையைத் தொண்ணூற்றொன்பதுக்குச் செய்து காட்டியவை என்று அவற்றுக்கு நல்ல பெயர். இரண்டுக்கும் ட்ரான்ஸ்போமர் அடப்டர்தான் மின்சாரம் கொடுக்கிறது. போன் சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருக்கும், உலகில் எங்கும் செருகலாம். இந்த அடப்டர் அப்படியல்ல. கனடாவுக்கு என்று செய்தது 120 வோல்ட்டுக்கு மட்டும். எங்கள் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். ஆகவே அம்பை ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்களிடம் சொல்லியனுப்ப வேண்டும். அல்லது வாங்கும்போதே 230 வோல்ட் அடப்டர் என்று தெரிவுசெய்ய வேண்டும்.

99 டொலர் என்பது நம் காசில் முப்பதாயிரத்தைத் தொடும். அனுப்புகூலியும் வரியும் அதற்கு மேல். அவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது என்பதையும் விளம்பரத்தில் பார்க்கத் தெரிய வேண்டும். 2018இல் வந்த அற்றத்துக்கு 1 வாட் என்று போட்டிருந்தார்கள். அது 32 ஓம் சுமைக்கு. 600 ஓமுக்கு அதே அம்ப் 125 மில்லிவாட்தான் தருகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 125 மில்லிவாட்டை 600 ஓமில் போட்டுப் பார்த்தால் எட்டரை வோல்ட்டுக்கு மேல் வருகிறது, அது தாராளம். ஆனால் அலிஎக்ஸ்பிரஸில் 2 வாட், 3 வாட் என்று எழுதிவிட்டு எத்தனை ஓமில் என்று சொல்லாத பெட்டிகள் நிறைய உண்டு. ஓம் சொல்லாத வாட்டை நான் கணக்கில் எடுப்பதில்லை. முன்பக்கத்தில் கண்ணாடி வால்வு ஒன்று செம்மஞ்சளாக மினுங்குகிற மலிவு அம்புகளையும் சிலர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். வீட்டில் விளக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுவரில் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். இங்கே மழைக்காலத்தில் இடி முழங்கத் தொடங்கினால் முதல் வேலை எல்லாப் பிளக்கையும் பிடுங்குவதுதான். சோலார் பற்றரியும் மலிவான இன்வேட்டரும் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. அந்த இன்வேட்டர் தருவது வளைந்த அலை அல்ல, படி வெட்டிய அலை. ட்ரான்ஸ்போமர் அடப்டர் அதில் சூடாகும், உறுமும். பாட்டுக்கு நடுவே அந்த உறுமலும் காதுக்கு வரலாம். அதனால்தான் வன்னியில் அம்ப் தெரிவுசெய்கிறவர் சத்தத்தின் சுத்தத்தைப் பார்ப்பதற்கு முன் அது எதில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறேன். பற்றரியில் ஓடுகிறதா, போனின் யூஎஸ்பியில் ஓடுகிறதா, சுவரில் மட்டுமா? சுவரில் மட்டும் என்றால் என் பட்டியலில் அது கடைசி.

கரடிப்போக்குப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஒருவர் இருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வர முடியாதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோமே, அந்த வேலையில் கைதேர்ந்தவர். அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஒரு 250 ஓம் ஹெட்போனுக்கு வேண்டிய 25 மில்லிவாட்டைப் போல 120 மடங்கு. அவரிடம் ஹெட்போனைக் காட்டி, இதற்கு ஒரு அம்ப் செய்து தர முடியுமா என்று கேட்டபோது, லாச்சியைத் திறந்து பெருவிரல் நகம் அளவு பச்சைப் பலகை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். பிஏஎம்8403. இரண்டு பக்கத்துக்கும் மூன்று மூன்று வாட், 5 வோல்ட்டில் ஓடும், விலை ஒன்றுமில்லை.

“இது ஸ்பீக்கருக்கு, அண்ணை. இதில் மைனஸ் இரண்டும் தரை இல்லையே,” என்றேன்.

பலகையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை லாச்சிக்குள் போட்டு மூடினார். “ஓம், பொதுத் தரையில் பூட்டினால் எரிந்துவிடும்,” என்றார்.

மலிவுப் பலகைகளில் இது எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. பிஏஎம்8403, டிடிஏ7297 போன்றவை பாலம் கட்டிய வெளியீடு உள்ளவை. இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனியே சமிக்ஞையைச் சுமக்கின்றன. ஹெட்போன் பிளக்கிலோ இரண்டுக்கும் ஒரே தரை. செருகிய கணத்தில் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். தப்பித் தவறி ஓடினாலும் ஸ்பீக்கர் அம்பின் இரைச்சல் ஹெட்போனில் இடைவிடாத மழைபோலக் கேட்கும்.

கடைசியில் நாங்கள் செய்தது என்ஈ5532 வைத்த ஒன்று. பழைய மிக்சர்களைப் பிரித்தால் வரிசையாகக் கிடைக்கிற எட்டுக் கால் சிப். 600 ஓம் சுமையை ஓட்டுவதற்கென்றே வடிவமைத்தது, ஒன்றுக்குள் இரண்டு அம்ப், ஆகவே இரண்டு காதுக்கும் ஒரு சிப் போதும். இரண்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடுத்து நடுவைத் தரையாக எடுத்தால் மேலே 9, கீழே 9. சிப் விளிம்பு வரை போகாது, ஏழு வோல்ட் உச்சம் என்று வைத்துக்கொண்டாலும் மீட்டர் காட்டுகிற கணக்கில் 5 வோல்ட் கிடைக்கிறது. 250 ஓமில் அது 100 மில்லிவாட், 116 டெசிபல். யாருக்கும் அவ்வளவு வேண்டாம். இதே சுற்றில் 32 ஓம் இயர்போனைச் செருகி அந்த வோல்ட்டை எடுக்கப் பார்த்தால் உச்சத்தில் 200 மில்லிஅம்பியருக்கு மேல் கேட்கும், சிப் நாற்பதோடு கையை விரித்துவிடும். உயர் ஓம் ஹெட்போன் ஏழைக்கு ஆகாது என்கிறார்கள். மலிவான சிப் எளிதாக ஓட்டுவது அதைத்தான்.

செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பெருக்கம் மூன்று மடங்குக்கு மேல் வேண்டாம். இணையத்தில் கிடைக்கிற வரைபடங்களில் உள்ளீட்டில் இருந்து தரைக்கு 100 கிலோஓம் போட்டிருப்பார்கள். அது வேறு வகைச் சிப்புக்கு. 5532 உள்ளீட்டில் சிறிதளவு மின்னோட்டம் இழுக்கும், 100 கிலோஓமில் அது 20 மில்லிவோல்ட் டிசியாக, அதாவது அலையாத ஒரே திசை வோல்ட்டாக மாறி, மூன்று மடங்கு பெருகிக் காதுக்கு வரும். 10 கிலோஓம் வொலியூம் கட்டுப்பாட்டையே நேரே உள்ளீட்டில் வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது. வெளியீட்டில் ஒவ்வொரு பக்கமும் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பிளக் செருகும்போது நேர்கிற ஷோட்டில் இருந்து சிப்பைக் காக்கும், சத்தத்தில் 1 டெசிபல்தான் குறையும்.

ஆக முக்கியமானது சுவிட்ச். இரண்டு பற்றரியையும் ஒரே நேரத்தில் வெட்டுகிற இரட்டைச் சுவிட்சாக இருக்க வேண்டும். ஒன்று இணைந்து மற்றது அறுந்து நின்றால் வெளியீடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, டிசி நேரே சுருளுக்குள் போகும். சித்தப்பா சுமந்து வந்த ஹெட்போன் ஒரு நிமிடத்தில் போய்விடும். பற்றரி ஒன்று மற்றதற்கு முன் செத்தாலும் இதே ஆபத்து, ஆகவே சோடியாகவே மாற்ற வேண்டும். ஹெட்போனைச் செருகுவதற்கு முன் வெளியீட்டில் மீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். இருபது மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் செருகலாம். நல்ல அல்கலைன் பற்றரி என்றால் கணக்குப்படி முப்பது மணி நேரமாவது ஓடும்.

இந்தப் பற்றரிச் சிக்கலை எல்லாம் முன்கூட்டியே யோசித்த ஒருவர் இருந்தார். 2011இல் பெயர் சொல்லாத ஒரு பொறியியலாளர் என்டபிள்யூஏவிகை என்ற புனைபெயரில் ஓ2 என்ற அம்பின் முழு வடிவத்தையும் இலவசமாக வெளியிட்டார். இரண்டு 9 வோல்ட் பற்றரி, அடப்டரிலும் ஓடும், ஒரு பற்றரி விழுந்தால் இரண்டையும் வெட்டிவிடுகிற பாதுகாப்பும் உள்ளேயே. அளவீடுகளை ஒளிக்காமல் போட்டார். அடுத்த ஆண்டு எழுதுவதை நிறுத்தினார், பிறகு எந்தச் செய்தியும் இல்லை. அவருடைய அம்ப் இன்றும் பழைய சாமானாகக் கிடைக்கிறது. மின்சாரம் நம்ப முடியாத ஊரில் அதைக் கண்டால் விலை பேசலாம்.

எந்த அம்பாக இருந்தாலும் பெருக்கத்தைக் குறைத்தே வையுங்கள். பெருக்கம் கூடினால் வொலியூம் திருகியை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. மலிவுத் திருகிகள் அந்த அடிப்பகுதியில்தான் இடதும் வலதும் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். என் நண்பர் ஒருவர் தன் அம்ப் இடப்பக்கம் பழுது என்று கொண்டுவந்தார். ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சாய்வு அம்பில் என்றால் மாற்றிப் போடும்போது மற்றக் காதுக்குப் போக வேண்டும். போகவில்லை. மாத்தளன் பக்கம் ஷெல் விழுந்த நாளில் இருந்து அந்தக் காது அப்படித்தான் என்று பிறகு சொன்னார். இங்கே அவர் ஒருவர் மட்டுமல்ல. அப்படிப்பட்டவர்கள் சத்தத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காமல், போனின் அமைப்பில் இருக்கிற இடம் வலம் சமநிலையைச் சற்று நகர்த்திக்கொள்வது நல்லது. ஐபோனிலும் அன்ட்ரொய்டிலும் அணுகல்தன்மைப் பகுதிக்குள் அது இருக்கிறது. நன்றாக இருக்கிற காதுக்குச் சேதம் வராது.

பேயர்டைனமிக்கின் 600 ஓம் டிடி 880 கைக்கு வந்தவர்கள் மட்டும் மேலே சொன்ன டொங்கிள் அறிவுரையைத் தள்ளிவைக்கலாம். அதற்கும் ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல்தான், ஆனால் அந்த ஒரு மில்லிவாட்டுக்கே 0.77 வோல்ட் வேண்டும். 110 டெசிபல் உச்சத்துக்கு நாலு வோல்ட்டுக்குக் கிட்ட. 2 வோல்ட் டொங்கிளில் 104 வரும். புதிய சினிமாப் பாட்டுக்கு அது போதும், நாதஸ்வரக் கச்சேரிக்குக் கொஞ்சம் குறை தெரியும். இரண்டு பற்றரிச் சுற்று அதைச் சுகமாக ஓட்டும். கடைக்குப் போகும்போது சிப்பை இரண்டாக வாங்குங்கள், போலி 5532 நிறையத் திரிகிறது. ஒன்று இரைந்தால் மற்றதைப் போட்டுப் பார்க்கலாம்.